268 மீட்டரில் ஒரு விண்மீன்: ஓர் அளவு நாடாவில் நேர்ந்த ஆறு பிழைகள் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

பெங்களூரு அல்சூர் ஏரிக்கு அருகே ஒரு சிறிய கூடத்தில் ஞாயிறுதோறும் தமிழ்ப் பிள்ளைகளுக்கான வகுப்பு நடக்கிறது. தமிழ் எழுதப் படிக்கச் சொல்லித்தரத் தொடங்கிய வகுப்பு அது. நாளடைவில் கணக்கும் அறிவியலும் வந்து சேர்ந்துகொண்டன. ஒன்பதாம் வகுப்பு முதல் பதினொன்றாம் வகுப்பு வரை படிக்கும் பதினொரு பேர் வருகிறார்கள். பள்ளியில் ஆங்கிலம், தெருவில் கன்னடம், வீட்டில் தமிழ் என்று வளரும் பிள்ளைகள். எண்களும் அவர்களிடம் அப்படித்தான் பிரிந்து கிடக்கின்றன: பாடப் புத்தகத்தில் மில்லியன், பில்லியன், வீட்டில் லட்சம், கோடி. இந்தப் பிரிவு பின்னால் ஒரு பிழைக்குக் காரணமானது.

வகுப்பை இரண்டு பேர் நடத்துகிறோம். நான் பீன்யா தொழிற்பேட்டையில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் அறையில் வேலை செய்கிறேன். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கான மைக்ரான் எங்களுக்கு அன்றாடச் சொல். 1967இல் அந்தப் பெயரை அதிகாரபூர்வமாகக் கைவிட்டு மைக்ரோமீட்டர் என்று ஆக்கிவிட்டார்கள். பட்டறை இன்னும் கைவிடவில்லை. உடன் நடத்துபவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். எல்லாரும் அவரை ஐயா என்றே அழைப்போம்.

பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். 1928இல் அதே நாளில்தான் ராமன் தம் ஒளிச்சிதறல் கண்டுபிடிப்பை அறிவித்தார். அதையொட்டிய சனி, ஞாயிறு இரண்டு நாளும் கூடத்தில் ஒரு சிறு கண்காட்சி வைக்க முடிவு செய்தோம். பொருள், நீளம்: புரோட்டானிலிருந்து அருகிலுள்ள விண்மீன் வரை. எல்லாவற்றையும் சுவரில் ஒரே நீண்ட நாடாவில் காட்டுவது திட்டம்.

நாடா உருவான விதம்

புரோட்டானின் குறுக்களவு ஏறத்தாழ 10⁻¹⁵ மீட்டர், இன்னும் சரியாகச் சொன்னால் ஒன்றரை ஃபெம்டோமீட்டரைவிடச் சற்று அதிகம். சூரியனை விட்டால் நமக்கு மிக அருகிலுள்ள விண்மீனான ப்ராக்ஸிமா சென்டாரி இருப்பது 4.25 ஒளியாண்டு (ஒளி ஓராண்டில் கடக்கும் தூரம் ஓர் ஒளியாண்டு) தொலைவில், அதாவது ஏறத்தாழ 4 × 10¹⁶ மீட்டரில். இரண்டையும் ஒரே சுவரில் காட்ட ஒரு வழிதான் உண்டு. ஒவ்வொரு பத்து மடங்குக்கும் ஒரே இடைவெளி கொடுக்க வேண்டும். 10⁻¹⁵இலிருந்து 10¹⁷ வரை 32 படிகள். படிக்கு 30 சென்டிமீட்டர் வைத்தால் நாடா 9.6 மீட்டர் நீளும். கூடத்தின் நீண்ட சுவரில் அது சரியாகப் பொருந்தியது. ஒரு மீட்டர் என்ற குறி இடப்பக்கத்திலிருந்து நாலரை மீட்டரில், கிட்டத்தட்ட நடுவில் விழுந்தது. பிள்ளைகள் அங்கே ஒரு சிறுமியின் படத்தை ஒட்டினார்கள்.

நாடாவில் 26 குறிப்புகள் இருந்தன. ஒவ்வொரு குறிப்புக்கும் ஒரு பொருள், அதன் அளவு, அதே அளவு வேறொரு அலகில். அணுவுக்கு ஆங்ஸ்ட்ராம் (10⁻¹⁰ மீட்டர்), உயிரணுக்களுக்கு மைக்ரோமீட்டர், கோள்களுக்கு வானியல் அலகு (சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரம்), விண்மீனுக்கு ஒளியாண்டு. பெரிய அலகைச் சிறிய அலகிலும் சொல்லிப் பார்க்க வேண்டும் என்பது பிள்ளைகளின் ஆசை. "ஓர் ஒளியாண்டு எத்தனை ஆங்ஸ்ட்ராம்?" என்ற கேள்வியை ஒரு பத்தாம் வகுப்பு மாணவி தானாகவே எடுத்துக்கொண்டாள். அவளுடைய அப்பா தச்சு வேலை செய்பவர்.

தெருவிலும் ஒரு மாதிரி வைத்தோம். சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரத்தை ஒரு மீட்டர் என்று சுருக்கினால் சூரியன் 9 மில்லிமீட்டர் ஆகும், ஒரு கொண்டைக்கடலை. பூமி ஒரு தலைமுடியின் பருமனே இருக்கும். நெப்டியூன் 30 மீட்டரில். ப்ராக்ஸிமா நம் சூரியனைவிட மிகச் சிறிய விண்மீன். அதன் குறுக்களவு ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, ஒரு கடுகு. அந்தக் கடுகு எங்கே இருக்கும் என்று கணக்கிட்ட பையன் 268 மீட்டர் என்று தந்தான். சனிக்கிழமை காலை மூன்று பேர் ஏரிக்கரை நடைபாதையில் அளவு நாடாவைப் பிடித்தபடி நடந்து, ஓர் இளநீர் வண்டிக்குப் பக்கத்தில் கொடி நட்டுவிட்டு வந்தார்கள்.

நாடாவை சிவாஜிநகரில் ஒரு கடையில் ஃபிளெக்ஸில் அச்சடித்தோம். வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்குக் கைக்கு வந்தது. எழுத்துப்பிழை பார்த்தோம். ஐயா ஒற்று மிகும் இடங்களைக்கூட விடவில்லை. எண்களை யாரும் திரும்பப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை மாலை

மாலை ஆறு மணிக்கு ஒரு மாணவனின் தாய் வந்தார். மருத்துவமனை ஆய்வகத்தில் இரத்தப் பரிசோதனை செய்பவர். நாடாவின் முன் சற்று நேரம் நின்றுவிட்டு என்னை அழைத்தார்.

"தம்பி, சிவப்பணு ஏழு மில்லிமீட்டர் என்று போட்டிருக்கிறதே. நான் நாள் முழுக்க நுண்ணோக்கியில் பார்ப்பது இதைத்தானே? ஏழு மில்லிமீட்டர் என்றால் அதோ நீங்கள் சூரியன் என்று வைத்திருக்கும் கொண்டைக்கடலை அளவுக்கு வந்துவிடும்."

அவர் சொன்னது முற்றிலும் சரி. குருதிச் சிவப்பணுவின் குறுக்களவு ஏழு முதல் எட்டு மைக்ரோமீட்டர். நாடாவில் ஆயிரம் மடங்கு ஊதியிருந்தது. பக்கத்திலேயே பாக்டீரியாவின் அளவும் மி.மீ.யில் இருந்தது, "தலைமுடியின் பருமன் 70 மி.மீ." என்றும் இருந்தது. ஏழு சென்டிமீட்டர் பருமனில் ஒரு முடி! காலையிலிருந்து நூறு பேருக்கு மேல் அதைக் கடந்து போயிருப்பார்கள். நானே பத்து முறையாவது கடந்திருப்பேன். படம் சரியான படியில் ஒட்டப்பட்டிருந்ததால் கண் அங்கே நின்றுவிட்டது, எழுத்துக்குப் போகவில்லை.

அன்றிரவு எடுத்த முடிவுகள்

முதல் கேள்வி, நாடாவை இறக்குவதா வேண்டாமா என்பது. கூடத்தை ஏற்பாடு செய்து தந்த நண்பர், மறுநாள் ஒரு நாள்தானே, வருகிறவர்கள் படங்களைத்தான் பார்க்கிறார்கள், அந்த மூன்று குறிப்புகளின்மேல் மட்டும் தாள் ஒட்டிவிடலாம் என்றார். நேரமும் இல்லை, மறுபடி அச்சடிக்கப் பணமும் இல்லை. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. முதலில் நானும் அதற்கு இசைந்தேன்.

தாளை வெட்டிக்கொண்டிருக்கும்போது மனம் மாறியது. அந்த மூன்றும் பிடிபட்டதற்குக் காரணம், இரத்த அணுவைத் தினமும் பார்க்கும் ஒருவர் வந்தது. ஒளியாண்டைத் தினமும் பார்க்கும் ஒருவர் வந்து நிற்கப் போவதில்லை. கண்ணுக்குப் பழகிய அளவிலேயே மூன்று பிழை என்றால், யாருடைய கண்ணுக்கும் பழகாத ஓரங்களில் என்ன இருக்கிறதோ? ஆகவே 26 குறிப்புகளையும் மீண்டும் கணக்கிடுவது என்று முடிவு செய்தோம்.

இரண்டாவது முடிவு, யார் கணக்கிடுவது என்பது. நானே உட்கார்ந்து ஒரு மணி நேரத்தில் முடித்திருக்கலாம். செய்யவில்லை. நாடா பிள்ளைகளுடையது, பிழை எங்கே பிறந்தது என்று அவர்கள் கண்டால்தான் அது மறுபடி பிறக்காது. வீட்டுக்குப் போகாமல் இருந்த ஏழு பேரிடம், தான் கணக்கிடாத குறிப்புகளை மட்டும் ஒவ்வொருவரும் எடுத்துக்கொள்ள வேண்டும், பழைய தாளைப் பார்க்கக் கூடாது என்று சொன்னேன்.

மூன்றாவது, வழி. எந்த அலகிலிருந்து எந்த அலகுக்குப் போனாலும் மீட்டரில் இறங்கி ஏற வேண்டும். குறுக்கு வழி கிடையாது. முதலில் பத்தின் அடுக்கை மட்டும் எழுத வேண்டும், 9.46 போன்ற எண்ணைப் பிறகுதான் தொட வேண்டும். கடைசியில், வந்த விடையை மீட்டருக்குத் திருப்பி, அந்த நீளத்தில் கைக்குத் தெரிந்த ஒரு பொருளின் பெயரைப் பக்கத்தில் எழுத வேண்டும்.

மீட்டரைத் தேர்ந்ததற்குக் காரணம் வசதி மட்டும் இல்லை. 1983 முதல் மீட்டர் ஒளியின் வேகத்தை வைத்து வரையறுக்கப்படுகிறது: வெற்றிடத்தில் ஒளி ஒரு நொடியில் செல்வது சரியாக 29,97,92,458 மீட்டர். ஒளியாண்டுக்கு எடுத்துக்கொள்ளும் ஆண்டு 365.25 நாள், அதாவது 3,15,57,600 நொடி. இரண்டையும் பெருக்கினால் ஓர் ஒளியாண்டு 9,46,07,30,47,25,80,800 மீட்டர். தோராயம் இல்லை, கடைசி மீட்டர் வரை துல்லியம். வானியல் அலகையும் 2012இல் 1,49,59,78,70,700 மீட்டர் என்று நிலைநிறுத்திவிட்டார்கள். பெரியதும் சிறியதும் மீட்டரில் வந்து சந்திப்பது எங்கள் விருப்பத்தால் அல்ல. அலகுகளே அப்படிக் கட்டப்பட்டிருக்கின்றன.

ஒன்பதரை மணிக்கு மேலும் மூன்று பிழைகள் வெளிவந்தன. மொத்தம் ஆறு.

ஒவ்வொன்றும் எங்கே பிறந்தது

சிவப்பணு, பாக்டீரியா, தலைமுடி மூன்றும் பிறந்தது அச்சகத்தில். நாங்கள் அனுப்பியதில் "மை.மீ." என்று சரியாகவே இருந்தது. கடையின் பழைய வடிவமைப்பு மென்பொருளில் தமிழ் ஒருங்குறி (யூனிகோட்) எழுத்துகளைப் போட்டால், எழுத்துக்கு இடப்பக்கம் வர வேண்டிய குறிகள் இடம் மாறிச் சிதைந்துவிடும். கொம்புள்ள எழுத்துகளும் ஐகாரக் குறியுள்ள எழுத்துகளும் எல்லாம் உடைந்தன. கடைக்காரர் கன்னடம் படிப்பவர், தமிழ் தெரியாது. நாங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்துப் பெரிய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுமையாகச் சரிசெய்திருக்கிறார். சின்ன எழுத்தில் இருந்த "மை.மீ." உடைந்திருந்த இடங்களில், மேல் வரியில் உடையாமல் இருந்த "மி.மீ."யை எடுத்து ஒட்டிவிட்டார். அவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆயிரம் மடங்கு வித்தியாசத்தை ஒரே ஒரு உயிர்க்குறியின் தோளில் ஏற்றி, அதையும் எறும்பு அளவு எழுத்தில் அனுப்பியது நாங்கள்.

நான்காவது, தெருவிலிருந்த கடுகு. பையனின் பழைய தாளைப் பிறகு எடுத்துப் பார்த்தோம். 4.02 × 10¹³ கி.மீ. என்பதை 1.496 × 10⁸ கி.மீ.யால் வகுத்திருந்தான், விடை 2.68 லட்சம். ஒரு வானியல் அலகு ஒரு மீட்டர் என்பதால் 2.68 லட்சம் மீட்டர், அதாவது 268 கி.மீ. என்று அழகாக முடித்தும் இருந்தான். பிழை அதற்குப் பிறகு நடந்தது. தொகுப்பு அட்டவணையில் அந்தப் பத்தியின் தலைப்பு "தூரம் (மீ.)". அதன் கீழ் 268 என்று எழுதினான். கணக்கு சரி, அலகு வழியில் உதிர்ந்துவிட்டது. 268 கிலோமீட்டர் என்றால், அல்சூரிலிருந்து சென்னை நெடுஞ்சாலையில் கிருஷ்ணகிரி, ஆம்பூர், வேலூர் எல்லாம் தாண்டி, காஞ்சிபுரத்தை நெருங்கும் இடம். நாங்கள் அதை இளநீர் வண்டிக்குப் பக்கத்தில் நட்டிருந்தோம்.

ஐந்தாவது, "ஓர் ஒளியாண்டு = 9.46 கோடி கோடி கி.மீ." என்ற வரி. பள்ளிப் புத்தகத்தில் "மில்லியன் மில்லியன்" என்று படித்த மாணவன் அதைத் தமிழாக்கும்போது மில்லியன் இருந்த இடத்தில் கோடியை வைத்துவிட்டான். மில்லியன் பத்து லட்சம். கோடி அதைப் போலப் பத்து மடங்கு. இரண்டு முறை வந்ததால் நூறு மடங்கு. சரியான வடிவம் 9.46 லட்சம் கோடி கி.மீ. நம் வழக்கில் லட்சம் கோடி என்பது 10¹². அரசின் நிதிநிலைச் செய்திகளில் தினமும் அடிபடும் தொகை. ஆனால் அதைப் பத்தின் அடுக்காக எந்தப் பிள்ளையும் நினைத்துப் பார்த்ததில்லை.

ஆறாவது பிழையில்தான் எனக்கு மிகுதியாகக் கற்க இருந்தது. தச்சரின் மகள் எழுதியது: "ஓர் ஒளியாண்டு = 9.46 × 10⁵ ஆங்ஸ்ட்ராம்." ஒளியாண்டு 10¹⁵ மீட்டர் வரிசை, ஆங்ஸ்ட்ராம் 10⁻¹⁰ மீட்டர். வகுத்தலில் அடுக்குகளைக் கழிக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். 15இலிருந்து 10ஐக் கழித்தாள். கழிக்க வேண்டியது கழித்தல் பத்தை, அதாவது −10ஐ. ஆகவே 25 வர வேண்டும். சரியான விடை 9.46 × 10²⁵. அவள் விடைக்கும் இதற்கும் இடையே இருபது சுழியங்கள்.

புதிய வழிப்படி விடையை மீட்டருக்குத் திருப்பியவன் வேறொரு மாணவன். 9,46,000 ஆங்ஸ்ட்ராம் என்பது 0.0946 மில்லிமீட்டர். பக்கத்தில் "தலைமுடியின் பருமன்" என்று எழுதிவிட்டுத் தலையை நிமிர்த்தினான். ஒளி ஓராண்டு ஓடிக் கடந்த தூரம் ஒரு முடிக்குள் அடங்கியிருந்தது.

அவளை அழைத்துக் கேட்டேன். "சின்ன அலகுக்குப் போகிறோம் சார், அதனால் கழித்தேன்" என்றாள். அலகு சிறுத்தால் எண்ணும் சிறுக்கும் என்று நினைத்திருக்கிறாள்.

"அப்பா மூன்றடிப் பலகையை நூல் கணக்கில் சொன்னால் எத்தனை நூல்?"

தச்சர் வழக்கில் எட்டு நூல் ஓர் அங்குலம். நான் கேட்டு முடிப்பதற்குள் சொன்னாள்: "288."

"அடியில் மூன்று, நூலில் 288. அலகு சின்னதானபோது எண் என்ன ஆனது?"

அவள் தன் தாளைப் பார்த்தாள். சற்று நேரம் கழித்து, "எனக்கு இது தெரியும் சார். பத்தின் மேல் எழுதியதும் தெரியாமல் போய்விட்டது" என்றாள்.

நான் அந்த வாக்கியத்தைக் குறித்து வைத்துக்கொண்டேன். அவளுக்கு அளவு தெரியும், வீட்டிலேயே கற்றது. அடுக்குக்குறி வந்ததும் அந்த அறிவு வாசலில் நின்றுவிட்டது. நாங்கள் அடுக்கு விதிகளைப் பாடமாகவும் அளவைப் பழக்கமாகவும் தனித்தனியே வைத்திருந்தோம். இரண்டையும் ஒரே பலகையில் போட்டுக் காட்டியதே இல்லை.

அன்றிரவு திருப்பிப் போடும் கணக்கையும் செய்யச் சொன்னேன்: ஓர் ஆங்ஸ்ட்ராம் எத்தனை ஒளியாண்டு? அதில் வேறொரு பள்ளம் இருக்கிறது. அடுக்கு மட்டும் பார்த்தால் −25. ஆனால் 1ஐ 9.46ஆல் வகுத்தால் 0.1057, அதை 1.057 என்று எழுதும்போது அடுக்கு −26 ஆகிறது. இரண்டு பேர் −24 என்று எழுதினார்கள். எண் பெரிதானதால் அடுக்கையும் ஏற்றிவிட்டார்கள். கைபேசிக் கணிப்பானில் சரிபார்த்த ஒருவன், விடையின் நடுவே ஆங்கில எழுத்து 'ஈ' வந்ததைக் கண்டு பிழைச் செய்தி என்று எண்ணி மூன்று முறை அழித்து அழித்துப் போட்டுக்கொண்டிருந்தான். அந்த எழுத்து பத்தின் அடுக்கைக் குறிக்கிறது என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

கடுகுப் பலகை

நாடாவுக்கு அருகே ஐயா தயாரித்த ஒரு தனிப் பலகை இருந்தது: பழந்தமிழ் நீட்டலளவை. எட்டு அணு ஒரு தேர்த்துகள், எட்டுத் தேர்த்துகள் ஒரு பஞ்சிழை, பிறகு மயிர், நுண்மணல், கடுகு, எள், நெல், விரல் என்று ஒவ்வொன்றும் எட்டு மடங்கு. பன்னிரு விரல் ஒரு சாண், இரு சாண் ஒரு முழம். சில பெயர்கள் ஏட்டுக்கு ஏடு மாறும். எட்டெட்டாக ஏறும் முறை மாறாது. பலகையின் அடியில் ஒரு வரி: "இதன்படி ஓர் அணு ஏறத்தாழ ஒரு நானோமீட்டர்."

இந்த வரி 26 குறிப்புகளில் சேராது. ஆனாலும் அதே சோதனையை இதற்கும் செய்யலாமா என்று ஐயாவிடம் தயங்கித்தான் கேட்டேன். எனக்கும் அந்த வரி பிடித்திருந்தது. பிடித்த வரியைச் சோதிக்காமல் விட்டால் தச்சரின் மகளிடம் என்ன முகத்தோடு பேசுவது?

விரலை 2 சென்டிமீட்டர் என்று கொண்டால், எட்டை எட்டு முறை பெருக்கிவரும் 1,67,77,216ஆல் வகுக்க 1.2 நானோமீட்டர் வருகிறது. வகுத்தல் சரி. ஆனால் வழியில் உள்ள பொருள்களைப் பாருங்கள். நெல் இரண்டரை மில்லிமீட்டர். குறுக்காக வைத்தால் பொருந்துகிறது. எள் 0.31 மில்லிமீட்டர்; உண்மை எள் அதைப் போலப் பல மடங்கு பெரிது. கடுகு 0.04 மில்லிமீட்டர், கண்ணுக்கே தெரியாத கடுகு. மயிர் 0.0006 மில்லிமீட்டர், உண்மை முடியில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

ஐயா எதுவும் பேசாமல் தெருவுக்குக் கொண்டுபோன கடுகுப் பொட்டலத்தை எடுத்தார். பத்துக் கடுகை அளவுகோலின் ஓரத்தில் நகத்தால் தள்ளித் தள்ளி வரிசையாக வைத்தார். ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் வந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இது அளந்து எழுதியதில்லை, பகுத்து எழுதியது" என்றார். பிறகு பிள்ளைகளை அழைத்து விளக்கினார். அரை, கால், அரைக்கால் என்று மூன்று முறை பாதியாக்கினால் எட்டில் ஒன்று. தச்சர் அங்குலத்தில் அரைக்காலை நூல் என்கிறார். பழைய வாய்ப்பாடு விரலில் அரைக்காலை நெல் என்கிறது, நெல்லில் அரைக்காலை எள் என்கிறது. கண்ணால் காண முடியாத இடம் வரை ஒரே விகிதத்தில் இறங்கிப் போக ஓர் ஏணி கட்டியிருக்கிறார்கள். படிகளுக்குத் தெரிந்த பொருள்களின் பெயரை இட்டிருக்கிறார்கள். இன்று மில்லி, மைக்ரோ, நானோ என்று ஆயிரமாக இறங்குவதும் அதே எண்ணம்தான். 2022இல் அந்த வரிசையின் அடியில் 10⁻³⁰க்கு குவெக்டோ என்று ஒரு முன்னொட்டைப் புதிதாகச் சேர்த்தார்கள். அந்த அளவு சிறிய நீளத்தை யாரும் அளந்ததில்லை.

எனக்கு இந்த விளக்கம் அந்த நானோமீட்டர் வரியைவிடப் பெரிய பெருமையாகப் பட்டது. முடிவு: வாய்ப்பாடு அப்படியே இருக்கும். விரலுக்கும் அதற்கு மேலும் தோராயமான மீட்டர் அளவு தரப்படும். நெல்லுக்குக் கீழே மீட்டர் அளவு எதுவும் எழுதப்படாது. நானோமீட்டர் வரியை ஐயாவே கையால் கிழித்தார்.

ஞாயிறும் அதன் பிறகும்

நாடாவின் படங்களை விட்டுவிட்டு 26 எண்களின்மேலும் வெள்ளைத் தாள் ஒட்டிப் பிள்ளைகள் கையால் எழுதினார்கள். சரியாக இருந்தவற்றையும் மூடியது வீண் வேலை என்று நண்பர் சொன்னார். எல்லாம் ஒரே கையெழுத்தில், ஒரே வடிவில் இருக்க வேண்டும் என்றேன். உள்ளுக்குள் வேறொரு காரணமும் இருந்தது: எழுதும் கை எண்ணை ஒரு முறையாவது படிக்கும். அலகுகளைச் சுருக்காமல் முழுதாக எழுதினோம், மைக்ரோமீட்டர், மில்லிமீட்டர் என்று. விடிகாலை இரண்டு மணிக்கு வீடு திரும்பினோம்.

காலையில் கொடியைப் பிடுங்கிவிட்டு, கூட வாசலில் ஒரு கடுகைச் சீசாவில் போட்டுப் பக்கத்தில் எழுதி வைத்தோம்: "இந்தக் கொண்டைக்கடலை சூரியன் என்றால் இந்தக் கடுகு காஞ்சிபுரத்துக்கு அருகே இருக்கும்." சனிக்கிழமை கொடி வரை நடந்து பார்த்துத் திரும்பியவர்கள் "நல்ல நடை" என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை இந்த வாசகத்தின் முன் நின்றவர்கள் பேசவில்லை. அந்தச் சாலையில் ஊருக்குப் போய்வந்த குடும்பங்கள்தான் வந்தவர்களில் பெரும்பாலோர். ஒரு பாட்டி, "இடையில் ஒன்றுமே இல்லையா?" என்று கேட்டார். சூரியக் குடும்பத்தின் எல்லையைக் கடந்த பின் வேறு விண்மீன் எதுவும் இல்லை என்று கடுகுக் கணக்குப் போட்ட பையனே பதில் சொன்னான்.

1999இல் செவ்வாயைச் சுற்ற அனுப்பிய ஒரு விண்கலம் அலகுக் குழப்பத்தால் அழிந்ததே, பெரியவர்களுக்கே நேர்வதுதான் என்று வந்தவர்களில் ஒருவர் எங்களைத் தேற்றினார். அன்பாகச் சொன்னார். ஆனால் அதுவும் இதுவும் ஒன்றல்ல. அங்கே ஒரு குழு பவுண்டுக் கணக்கில் தந்த எண்ணை மறு குழு நியூட்டன் கணக்கு என்று எடுத்துக்கொண்டது. இங்கே அலகு எழுதப்பட்டே இருந்தது, பெரும்பாலும் சரியாகவே கணக்கிடப்பட்டும் இருந்தது. எழுதியதைப் பொருளாக நினைத்துப் பார்க்காததுதான் குறை. இந்த வேறுபாட்டை மழுப்பினால் அடுத்த முறையும் அலகு எழுதிவிட்டோம் என்ற நிம்மதியில் இருந்துவிடுவோம்.

நான்கு வாரம் கழித்து முன்னறிவிப்பின்றி ஆறு மாற்றங்களைத் தந்தேன். விண்மீன் தொலைவுகளுக்கான பார்செக் என்ற அலகிலிருந்து நானோமீட்டருக்குப் போகும் கணக்கும் அதில் இருந்தது: 3.086 × 10¹⁶ மீட்டர், ஆகவே 3.086 × 10²⁵ நானோமீட்டர். தச்சரின் மகள் முதலில் 10⁷ என்று எழுதி, பக்கத்தில் "3 சென்டிமீட்டர், அப்பாவின் சுண்டு விரலில் பாதி" என்று எழுதி, தானே அடித்துவிட்டு 10²⁵ என்று மாற்றியிருந்தாள். அடித்ததை அழிக்கவில்லை. மற்றவர்களில் இருவர் பொருளின் பெயர் எழுதும் இடத்தை வெறுமையாக விட்டிருந்தார்கள். அந்த இரு தாள்களில்தான் அடுக்குப் பிழை இருந்தது. பதினொரு பேரை வைத்து இதிலிருந்து பெரிதாக எதுவும் சொல்ல முடியாது. அந்த இருவரோடு மறுபடி உட்கார்ந்தேன்.

அடுத்த முறை செய்யப்போவது

அச்சுக்கு எழுத்துக்கோப்பு போகாது. எழுத்துகளைப் படமாக மாற்றிய கோப்புதான் போகும். அச்சான முதல் தாளைக் கடையிலேயே தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் எண்ணும் அலகும் சேர்த்து வாய்விட்டுப் படிப்பார். அலகை அட்டவணைத் தலைப்பில் எழுதிவிட்டு எண்ணைக் கீழே தனியே விடும் பழக்கத்தை நிறுத்திவிட்டோம். ஒவ்வொரு எண்ணோடும் அதன் அலகு ஒட்டியே இருக்கும். மில்லியன் என்ற சொல்லைத் தமிழாக்கும்போது முதலில் பத்தின் அடுக்காக்கி, அதிலிருந்துதான் லட்சம், கோடிக்குப் போக வேண்டும்.

பாடத்திலும் ஒரு மாற்றம். அடுக்கு விதிகளைத் தொடங்கும் நாளில் இனி முதல் கணக்கு பத்தில் இருக்காது. அடி, அங்குலம், நூலில் இருக்கும். பிள்ளைகள் கையால் ஒரு பலகையை அளந்த பிறகுதான் 10⁻¹⁰க்குப் போவோம். தச்சரை ஒரு ஞாயிறு வரச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். வேலை இல்லாத வாரம் பார்த்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஒன்று மட்டும் முடியவில்லை. சனிக்கிழமை பகலில் இரண்டு பள்ளிகளிலிருந்து ஆசிரியர்கள் பிள்ளைகளோடு வந்து, நாடாவை முழுக்கப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். வருகைப் பதிவேட்டிலிருந்து எண்ணைத் தேடி இருவருக்கும் திங்கட்கிழமையே திருத்தப் பட்டியல் அனுப்பினோம். ஒருவர் அன்றே அழைத்து, வகுப்பில் சொல்லிவிட்டதாகத் தெரிவித்தார். மற்றவரிடமிருந்து இன்று வரை பதில் இல்லை. பதிவேட்டில் அவர் எழுதிய எண்ணில் ஓர் இலக்கம் குறைகிறது.